படத்தில் இருக்கும் கை

கோதுமைத் தாளைப் பனி காயும் முன்பே கயிறாக முறுக்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் தாள் ஒடியும், அப்புறம் கதிரைக் கட்ட வழியில்லை. விடியுமுன்பே தீஸா ஆற்றங்கரை வயலில் பதினெட்டுப் பேர் மண்டியிட்டு முறுக்கிக்கொண்டிருந்தோம். விரலிடுக்கெல்லாம் அறுபட்டு எரிந்தது. எனக்கு அதைவிட நெஞ்சுதான் எரிந்தது.

பக்கத்தில் பொர்பாலா அக்கா, இரண்டு விரல் போன வலக்கையோடு. போன வருடம் கெரேஷி எஜமானின் கதிரடிக்கும் மிஷின் தின்ற விரல்கள். அதன் வாய்க்கு மூடி கிடையாது. அவளால் முன்போல் வேலை ஓடவில்லையென்று, அன்று மதியத்துக்குள் பண்ணை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் எஜமான். முந்தின நாள் எங்கள் அறுப்புக் கூட்டத்தின் தலைவர் கெர்கெய் எங்களோடு நியாயம் கேட்கப் போனபோது, எஜமான் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

"உங்க பொர்பாலாதானே இது? இந்த வசந்தத்துல வரைஞ்சது. அஞ்சு விரலும் முழுசா இருக்கு பாரு. என் மிஷின் தின்னுச்சாம்! விறகு பொளக்கையில வெட்டிக்கிட்டதுக்கு நான் பொறுப்பா?"

படத்தில் அவள் வெள்ளைச் சட்டை போட்டு, கதிர்க்கட்டை அணைத்துச் சிரிக்கிறாள். முகம் அவளுடையது. கை என்னுடையது. "ஊனக் கை படத்தைக் கெடுத்துடும். உன் கையைக் கொஞ்சம் நீட்டும்மா" என்றார் புடாபெஸ்டிலிருந்து வந்த ஓவியர். ஒரு வெள்ளை ரொட்டிக்காக நீட்டினேன். அதையும் ஒளித்துவைத்து ஒருத்தியே தின்றேன். முந்தின நாள் கெர்கெய்யின் முதுகுக்குப் பின்னால் வாயடைத்து நின்றேன். நானும் பண்ணை வீட்டில்தானே குடியிருக்கிறேன். பாவி நான்.

தாளைக் கீழே போட்டேன். "அக்கா, படத்துல இருக்கறது என் கை."

"தெரியும்டி வெரோன். படம் வரைஞ்ச ஆளு முன்னாடி நானுந்தானே உக்காந்திருந்தேன்?" அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை. "நான் சொல்லியிருந்தா உன் வீடும்ல போயிருக்கும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன்.

கெர்கெய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

பதினெட்டுப் பேரும் எஜமான் வீட்டுக்கு நடந்தோம். அவர் வாசற்படியிலேயே மறித்தார். "இங்க என்ன வேலை? கதிர் முத்தி உதிருது!"

"அந்தக் கை என்னோடது எஜமான். படத்த இறக்கி, என் கை பக்கத்துல வச்சுப் பாருங்க."

"அப்ப நீயும் மூட்டையக் கட்டு!"

"பதினெட்டு மூட்டை கட்டணும் எஜமான்" என்றார் கெர்கெய். "பொர்பாலாவ வெளியேத்தினா வயல்ல எறங்க ஆளில்ல. மிஷினுக்கு மூடி போடாட்டி கதிரடிக்கவும் ஆளில்ல."

போலீஸைக் கூட்டிவர எஜமான் குதிரையில் ஆள் அனுப்பினார். நாங்கள் படியிலேயே உட்கார்ந்தோம். பொர்பாலா அக்கா என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கா?"

"ஆமாக்கா."

"எனக்குந்தான்" என்றாள். எழுந்திருக்கவில்லை. யாருமே எழுந்திருக்கவில்லை.