எழுவாய் இல்லாத வீடு

அந்த வீட்டில் ‘யார்’ என்று எவரும் கேட்பதில்லை. அப்படியொரு விதி இருப்பதாக ஒருவரும் சொன்னதில்லை, மீறியவரும் இல்லை. கதவு தட்டப்பட்டால் பேசாமல் திறப்பார்கள். தட்டு உடைந்தால் ‘உடஞ்சிடுச்சு’ என்று கூட்டி அள்ளுவார்கள். வினைகளெல்லாம் தாமாகவே நிகழ்ந்த அவ்வீட்டில் எழுவாய்க்கு மட்டும் இடமில்லை.

ஆகவே ஒரு துப்பறியும் பெண்மணி தட்டியபோதும் மூத்த மகன் ஒன்றும் கேட்காமல் திறந்தார். லேசாகக் கூன் விழுந்த அந்தப் பெண்மணிக்குத் தொழில் வட்டாரத்தில் ‘கொக்கி’ என்று பெயர். கேள்விக்குறியின் உருவமும் குணமும் ஒருசேர வாய்த்தவர்.

“நான் திருடியா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“வரப்போறீங்கன்னு தம்பி பொண்டாட்டி போன் பண்ணிச்சு மேடம்.”

“அதுவும் சரிதான். திருடிங்க சொல்லிட்டு வர்றதில்ல.”

முன்கூடமே வயலின் பட்டறையாக இருந்தது. மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் குடும்பம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தது. இருட்டிய பிறகு திரும்பி வந்து பார்த்தால், மறுநாள் ஒரு வியாபாரிக்கு அனுப்பவேண்டிய வயலின்கள் அனைத்தும் கம்பி அறுந்து, கழுத்து முறிந்து தரையில் கிடந்தன. தலைவலி என்று வீட்டில் தங்கியவன் நடு மகன். அந்த வயலின்களை உருவாக்கியவனும் அவனே. மாத்திரை போட்டு மாடியில் தூங்கிவிட்டேன் என்றான், எவரும் நம்பவில்லை. போலீஸ் வந்தது, கைரேகை எடுத்தது, டீ குடித்தது, போனது. அன்று மதியம் அத்தை வீட்டிலிருந்து அண்ணன் கடைத்தெருவுக்கும் தங்கை தோழி வீட்டுக்கும் போனதைத் தனித்தனியே விசாரித்து, தனித்தனியே நம்பியது. வழக்கு முடியாமலே கிடக்க, தகப்பனார் மட்டும் தீர்ப்பு வழங்கினார். நடு மகன் வெளியேறினான். தகப்பனாரின் சாவுக்கும் வரவில்லை.

இப்போது தாய்க்கு இதய அறுவைச் சிகிச்சை நெருங்கியிருந்தது. அவர் அந்த மகனைப் பார்க்கத் துடித்தார். அவனோ ‘அந்தப் பேரோட வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்றான். அவன் மனைவிதான் கொக்கியை அனுப்பியவள்.

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொக்கி ஒரு வயலினைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“உங்க தம்பி வேலை சுமார்தானாமே? எல்லாம் கோணலாம். அதை மறைக்கத்தான் அவரே உடைச்சாருன்னு ஒரு பேச்சு.”

தங்கைக்கு மூக்கு சிவந்துவிட்டது. “கோணலா? நடு அண்ணன் கையில ஒண்ணுகூடக் கோணாது! சொன்னவங்க வாயில மண்ணைப் போட!”

“சும்மா இருடி,” என்றார் அண்ணன். தம்பியின் புகழ் இன்னமும் அவருக்கு உறுத்தியது. “உனக்கு அவன் செஞ்சா எல்லாம் தங்கம். அந்தக் கடைசி வயலின் கழுத்து கோணல்தான். நாம உள்ள வந்தப்ப ஜன்னல் வெயில்ல பளிச்சுன்னு தெரிஞ்சுதே.”

மரத்தூள் படிந்த மேசைமேல் கொக்கி வயலினை மெல்ல வைத்தார்.

“சாயங்காலம் இருட்டினப்புறம் வந்தீங்க. அப்ப கழுத்தெல்லாம் முறிஞ்சு கிடந்துச்சு. கோணலைப் பார்த்த வெயில் எந்த வெயில்?”

அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“அதை விடுங்க. ‘நாம’ன்னீங்களே, அதுல நான் சேர்த்தி இல்ல. நான் அப்ப மூணாங்கிளாஸ். ‘நாங்க’ன்னு சொல்லியிருந்தா நீங்களும் வேற ஒருத்தரும்னு வெச்சுக்கலாம். தங்கச்சி மூஞ்சியப் பார்த்து ‘நாம’ன்னா அந்த இன்னொருத்தர் இவங்கதான்.”

“பேச்சுவாக்குல வந்துடுச்சு மேடம்.”

“இந்த வீட்ல எல்லாமே தானா வந்துடுது, தானா உடஞ்சிடுது.”

தங்கை முந்தானையை விரலில் சுற்றினாள். “வயலினோட நடு அண்ணனையும் அந்த வியாபாரி தன்னோட பட்டறைக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. அண்ணன் இல்லாம இந்த வீட்ல எப்படி இருக்கிறதுன்னு... கம்பி அறுந்தா பயணம் தள்ளிப்போகும்னு தோணுச்சு. அவ்வளவுதான். கழுத்து அப்புறம் முறிஞ்சுது.”

அழுகையிலும் அவள் வாக்கியங்களுக்கு எழுவாய் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கொக்கி அதைக் கேட்கவில்லை. விடையோடு தன் வீட்டுக்குப் போய்விடக்கூடிய ஒருவர் கேட்கத்தக்க கேள்வி அல்ல அது.

உள்ளறைத் திரை விலகியது. சுவரைப் பிடித்தபடி தாய் வந்தார். ஒரு பிள்ளையை இழந்தவர். கேட்டுவிட்டால் மற்ற இருவரையும் இழக்க நேருமோ என்ற அச்சத்திலேயே அத்தனை ஆண்டுகளும் வாய் திறவாதிருந்தவர்.

“நீ எதுக்கும்மா எழுந்து வந்தே? டாக்டர் என்ன சொன்னாரு?” என்று பதறினார் மூத்தவர்.

“வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லலடா.” தாய் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு கொக்கியிடம், “அவன் நம்பரப் போடு தாயி. சத்தமா வை,” என்றார்.

மணி அடித்தது. மறுமுனையில் நடு மகனின் குரல் “ஹலோ” என்றது. தாய் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. எதிரே தலைகுனிந்திருந்த இருவரையும் பார்த்து, மாடி வரைக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்:

“கம்பிய அறுத்தது யாரு? கழுத்த முறிச்சது யாரு?”