அறுநூறு கிராம்

எடை போடுகிற ஆள், பெயர் சந்தனம். மங்கலம் ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியின் குடோனில் பதினோரு வருடமாக அதுதான் வேலை. காலையில் வந்ததும் துணி சுற்றுகிற அட்டைக் குழாயையும் பாலிதீன் கவரையும் தராசில் வைத்து ஒரு பட்டனை அழுத்துவார். அவற்றின் எடை கழிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்க ரோல் ரோலாகத் தூக்கி வைத்தால் துணியின் எடை மட்டும் சுத்தமாகக் காட்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவருக்கு இந்த ஊர் கொடுத்த ஒரே பெருமை அந்த எலக்ட்ரானிக் தராசு. "பத்துக் கிராம் தப்பாதுய்யா" என்பார், ஏதோ தானே செய்து வைத்த மாதிரி.

அவர் மகள் சித்ராதேவி குத்துச்சண்டைக்காரி. நாற்பத்தெட்டுக் கிலோப் பிரிவு. மாவட்டத்தில் அவளை அடிக்க ஆளில்லை. ஈரோட்டில் நடக்கிற மாநிலப் போட்டியில் மெடல் வாங்கினால் விளையாட்டு விடுதியில் இடம். விடுதி என்றால் சும்மாவா? தினமும் நாலு முட்டை, அரை லிட்டர் பால், கறி, பழம் என்று பயிற்சியாளர் சிவராஜ் சொல்லச் சொல்ல, சந்தனத்தின் வாயில்தான் எச்சில் ஊறியது. அங்கே போய்விட்டால் பிள்ளை வயிறாரத் தின்னும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் விடுதியில் சேர வயது இந்த வருடத்தோடு முடிகிறது. தவறவிட்டால் அவள் அம்மா ஒச்சாயி வேலை பார்க்கிற பனியன் கம்பெனியிலேயே கைமடி வேலை, டைலர் பக்கத்தில் நின்று நாள் முழுக்கத் துணி மடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

காலையில் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டம், சாயங்காலம் மூன்று மணி நேரம் குத்து. இந்தப் பாட்டுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சிவராஜ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முட்டை வெள்ளைக்கரு, முளைகட்டின பாசிப்பயறு, வேர்க்கடலை, கேப்பைக் கூழ். பல்லடத்துக் கோழிப்பண்ணையில் கழித்துப் போடும் விரிசல் முட்டைகளை ஒச்சாயி வாரா வாரம் வாங்கி வந்தாள். தாளின் அடியில் சிவராஜ் கோடு போட்டு எழுதியிருந்தார்: டப்பா பவுடர் எதுவும் வேண்டாம்.

கேட்டாரா மனுஷன்? ஜிம் வைத்திருந்த ஒருவன் ஒரு பெரிய டப்பாவைக் காட்டினான். மேலே மாடு மாதிரி ஒரு வெள்ளைக்காரன் படம். "பாப்பாவுக்குப் பால்ல கலந்து குடுங்கண்ணா, இரும்பாட்டம் ஆயிரும்" என்றான். சந்தனம் வாங்கி வந்து, சிவராஜுக்குச் சொல்லாமல் ஒரு மாதம் கலந்து கொடுத்தார். பிள்ளை இரும்பாகவில்லை. ஐம்பத்தொன்றரைக் கிலோ ஆனாள்.

சிவராஜ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "ஏனுங்கண்ணா, இது ஒல்லியா இருக்கறவங்க சதை போடறதுக்குங்க. இதையப் போயி அம்மிணிக்குக் குடுத்துப்போட்டீங்களே." கத்தவில்லை, திட்டவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் சந்தனத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கையில் இருந்தது பதினெட்டு நாள். இறக்க வேண்டியது மூன்றரைக் கிலோ. சோறு போனது, எண்ணெய் போனது, உப்பு போனது. ரோலுக்குப் போடுகிற பாலிதீன் கவரை உடம்பில் சுற்றி, மேலே ரிஜெக்ட் ஆன எக்ஸ்போர்ட் ஸ்வெட்டர் இரண்டை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் வியர்க்க வியர்க்க ஓடினாள் சித்ரா. சாயங்காலம் ஒரு கப் பயறு. தாளிக்கிற வாசம் வந்தால் பிள்ளைக்குக் கண் கலங்குகிறதென்று ஒச்சாயி வீட்டில் தாளிப்பதையே நிறுத்தினாள். "ஏய்யா, பெத்த பிள்ளையப் பட்டினி போட்டுட்டு நாம திங்கிற சோறு உள்ள எறங்குதா?" என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டாள். டப்பா வாங்கிய கை சந்தனத்துடையது.

பயிற்சிக் கூடத்தில் இருந்தது பழைய முள் தராசு. ஒருமுறை ஏறினால் ஐம்பது, இறங்கி ஏறினால் நாற்பத்தொன்பது. கடைசிப் பத்து நாள் கம்பெனித் தராசிலேயே பார்க்கலாம் என்று சந்தனம்தான் சொன்னார். செய்த தப்புக்கு ஏதாவது ஈடு கட்ட வேண்டாமா? ஷிப்ட் முடிகிற நேரத்தில் சித்ரா குடோனுக்கு வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவாள். அவர் எண்ணைப் படிப்பார். நாற்பத்தொன்பது இருநூறு. நாற்பத்தெட்டு எழுநூறு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவர் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் தராசு நாற்பத்தேழு தொள்ளாயிரம் காட்டியது.

"நூறு கிராம் மிச்சம் இருக்கு ஆத்தா!" என்று குதித்தார். வாசல் கடைக்கு ஓடிப் போய் ஒரு வாழைப்பழத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கி வந்தார். "எண்பது கிராந்தேன் இருக்கும். தின்னு." சித்ரா தோலின் உள்பக்கம் வரை சுரண்டித் தின்றாள். அதைப் பார்க்க முடியாமல் அவர் சும்மா இருந்த ஒரு ரோலை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

மறுநாள் விடியற்காலையில் அப்பனும் மகளும் சிவராஜும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். கலர் விளக்கு எரிகிற ஒரு ரூபாய் எடை மிஷினில் சித்ரா விளையாட்டாக ஏறினாள். அட்டை விழுந்தது. ஒரு பக்கம் 48.5. சந்தனம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒத்த ரூவா மிஷினுக்கு என்னத்தா தெரியும்? நம்ம தராசு பத்துக் கிராம் தப்பாது." அட்டையின் மறுபக்கத்தில் நினைத்த காரியம் கைகூடும் என்று இருந்தது. அதை மட்டும் அப்பனும் மகளும் ரெண்டு தரம் படித்து, சந்தனத்தின் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்கள்.

ஈரோட்டில் அரங்கத்தின் தாழ்வாரத்தில் ஒரு சோதனைத் தராசு வைத்திருந்தார்கள். அதில் பார்த்துக்கொண்டு உள்ளே போய் அதிகாரிகள் முன்னால் ஏற வேண்டும். ஒன்பது மணியோடு கதவை மூடுவார்கள். வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற பெண் இறங்கினாள். காலித் தராசு சிவப்பெழுத்தில் பூஜ்யம் காட்டியது.

சந்தனம் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தார். நம்ம தராசு காலியாக இருந்தால் பூஜ்யமா காட்டும்? மைனஸ் அல்லவா காட்டும்? குழாயும் கவரும் கழித்து, மைனஸ் அறுநூறு. பதினோரு வருடமாகப் பார்த்துப் பார்த்து அந்த மைனஸே கண்ணுக்குப் பூஜ்யமாகிவிட்டது. மகளை ஏற்றினபோது பட்டனை அழுத்திச் சரி செய்யணும் என்று ஒரு நாளாவது தோன்றியதா? அவள் என்ன துணி ரோலா? அவளுக்குள் என்ன அட்டைக் குழாயா இருந்தது? அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே வைதுகொண்டு அவர் வாயைத் திறப்பதற்குள், சித்ரா சிரித்துக்கொண்டே ஏறி நின்றுவிட்டாள்.

நாற்பத்தெட்டு நானூறு.

"எட்டு மணிதானுங்க ஆகுது. ஒம்பது வரைக்கும் எத்தன தடவ வேணும்னாலும் ஏறலாமுங்க. ஓடு கண்ணு!" என்றார் சிவராஜ். பாலிதீன், ஸ்வெட்டர், மறுபடி எல்லாம் ஏறியது. சித்ரா மைதானத்தைச் சுற்றி ஓடினாள், கயிறு தாண்டினாள், எடை குறையட்டும் என்று வராத எச்சிலைக் காறிக் காறித் துப்பினாள். ஒரு சுற்றில் அப்பனிடம் வந்து மூச்சு வாங்க நின்றாள். "அப்பா, இவுங்க தராசுதேன் தப்பு. நீ போய்ச் சொல்லுப்பா. நம்ம தராசு பத்துக் கிராம் தப்பாதுன்னு சொல்லுப்பா." சொல்லிவிட்டு ஓடினாள்.

உண்மையைச் சொன்னால் ஓடுகிற கால் நின்றுபோகும். சொல்லாவிட்டால்? சந்தனம் நின்ற இடத்தை விட்டு நகராததைப் பார்த்துச் சிவராஜே அதிகாரியிடம் போனார். "இவரு தொழிலே எடை போடறதுங்க, கம்பெனித் தராசுல கரெக்டா இருந்துச்சுங்க" என்று சந்தனத்தைக் காட்டிச் சொன்னார். அந்த அதிகாரி கோபப்படவில்லை. இருபது கிலோ படிக்கல் ஒன்றைக் கொண்டு வரச் சொல்லித் தராசில் வைத்துக் காட்டினார். இருபது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிவராஜ் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சித்ரா கடைசியாக ஏறினாள். நாற்பத்தெட்டு நூற்றைம்பது. கதவு மூடியது. அடுத்த பிரிவான ஐம்பது கிலோவில் மாவட்டத்துக்கு வேறொருத்தி முன்பே பெயர் கொடுத்திருந்தாள்.

வேப்ப மரத்தடியில் சித்ரா ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். சந்தனம் எதிரே குத்த வைத்து, சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஒத்த ரூவா மிஷின் சரியாத்தேன் சொல்லுச்சு தாயி. நாந்தேன் ஒன்னைய ரோலாட்டம் எட போட்டுட்டேன். குழாயும் கவரும் கழிச்ச எட அது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நேத்து இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடியிருப்ப. பழத்தத் தின்னுருக்க மாட்ட." தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அவள் அட்டையைப் பார்த்தாள். திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தாள். அப்பனைத் திட்டுவாள் என்று சிவராஜ் நினைத்தார். அவள் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த தூக்குப்போணியை இழுத்துத் திறந்தாள். எடை பார்த்து முடித்ததும் தின்னட்டும் என்று ஒச்சாயி விடியலில் பதினெட்டு நாளைக்குப் பிறகு தாளித்த கருவாட்டுக் குழம்பு, சோறு, இரண்டு முட்டை. ஸ்வெட்டர் கையைக் கூட மடிக்காமல் பிசைந்து அள்ளி அள்ளித் தின்றாள். தண்ணீர் குடிக்கவில்லை, நிமிரவில்லை.

பிள்ளை இப்படித் தின்பதைப் பார்க்க வேண்டுமென்றுதான் சந்தனம் இத்தனை நாள் கிடந்து துடித்தார். இப்போது பார்க்க முடியவில்லை.

"இன்னும் இருக்காப்பா?" என்று கேட்டாள் சித்ரா.

சந்தனம் போணியை வாங்கித் தூக்கினார். உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமலே கைக்குத் தெரிந்தது, அதில் ஒன்றும் இல்லை.