ஐந்து பேர் பணம், ஒரே கார்டு

இரண்டு வருட வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் நாலு வருடமாக இழுத்து, ஒருவழியாக வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் கைக்கு வந்திருந்தது. வார விடுமுறையன்று மத்தியானம் கடைசிச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பப் போனேன். பணம் அனுப்பும் கடையில் கவுன்ட்டர் அக்கா என் அடையாளக் கார்டைத் தேய்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பூட்டிட்டாங்க தம்பி."

"எதை?"

"உன் கார்டைத்தான். கம்பி கட்டுற ஆளு, சம்பளம் இவ்வளவுதான்னு பதிவுல இருக்கு. எட்டு மாசமா அஞ்சு மடங்கு அனுப்பியிருக்கே. போன மாசம் அனுப்பினதும் போய்ச் சேரல, நடுவுல நிக்குது. யார் பணம்னு கேக்கறாங்க."

யார் பணம் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் அறையில் ஐந்து பேர். கொஞ்சம் அனுப்பினாலும் நிறைய அனுப்பினாலும் கடையில் ஒரே கட்டணம். ஐந்து பேரும் தனித்தனியாகக் கட்டுகிற காசுக்கு மாதம் முழுக்கச் சமையல் எண்ணெய் வாங்கலாம். போதாக்குறைக்கு மற்ற நாலு பேர் கார்டும் காலாவதி. புதுப்பிக்க வேண்டிய கம்பெனி எட்டு மாதமாக 'அடுத்த வாரம்' என்கிறது. உயிரோடு இருந்தது என் கார்டு மட்டும். அதனால் மொத்தப் பணத்தையும் என் பேரில் என் மனைவிக்கு அனுப்புவோம். அவள் செல்போனிலேயே நாலு வீட்டுக்கும் பிரித்துப் போட்டுவிடுவாள். அதற்குக் கட்டணம் இல்லை. இந்த யோசனையை நான் சொன்ன அன்று, நாலு பேரில் ஒருவனான நெட்டை என்னை 'நிதி மந்திரி' என்றான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன்க்கா."

"கார்டை ரத்து பண்ணினாத்தான் நாட்டை விட்டு வெளியே விடுவாங்க. பூட்டின கார்டை ரத்து பண்ண முடியாது." ஒரு தாளைத் தள்ளினாள். "பணம் யாருதுன்னு பேரு, கார்டு நம்பர் எல்லாம் எழுதிக் கொடு. ரெண்டு நாள்ல திறந்துடும்."

"எழுதலேன்னா?"

"விசாரணை. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ."

"எழுதினா அவங்களை என்ன பண்ணுவாங்க?"

எனக்குப் பின்னால் நின்றவனை அவள் கூப்பிட்டாள்.

காலாவதிக் கார்டோடு பிடிபட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கட்டின துணியோடு வண்டியில் ஏற்றிப் போவார்கள். சம்பள பாக்கியெல்லாம் அம்போ.

தெருவில் இறங்கியதும் மனைவியின் போன்.

"அந்த நெட்டை அண்ணன் பொண்டாட்டி பேசினா. 'புதுச் சங்கிலி வாங்கிட்டியாமே'ன்னு கேக்கறா. என் வளையலே அடகுல கிடக்கு! நாலு பொம்பளைங்க வாயில அரைபடறேன். பணம் எங்கேங்க?"

"வரும்."

"நீங்களாவது வந்துடுவீங்கள்ல?"

"சத்தம் விட்டு விட்டுக் கேக்குது," என்று துண்டித்தேன். தெளிவாகத்தான் கேட்டது.

அறையில் நாலு பேரும் இருந்தார்கள். கட்டில் காலருகே என் பெட்டி. அதன் பூட்டு உடைந்திருந்ததால் நெட்டை கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கி வைத்திருந்தான். "கட்டடம் விழுந்தாலும் மாப்பிள்ளை, இந்தக் கட்டு அவிழாது" என்று காலையில்தான் பீற்றிக்கொண்டான்.

நடந்ததைச் சொன்னேன். தாள் கைக்குக் கை மாறியது. வெல்டர் மாமா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீ நல்லதுக்குத்தானே செஞ்சே," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

'எங்க பேரை எழுதிட்டுப் போ' என்று ஒருவராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொன்னால் எழுதிவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

"எழுதிட்டியா மாப்பிள்ளை?" நெட்டைதான் கேட்டான். தாள் அவன் கையில்தான் இருந்தது. காலியாக.

"பேனா இல்ல."

அளவு குறிக்க அவன் சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். எடுத்தான். என்னைப் பார்த்தான். திரும்பப் பையிலேயே செருகிக்கொண்டான்.

நான் கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுத்துப் பெட்டியின் கட்டுக்கம்பியைத் திருகினேன். இறுக்கமாகத்தான் கட்டியிருந்தான். நாளைக்குப் போட வேண்டிய வேலைச் சட்டை உள்ளே இருந்தது.