சுழலும் தட்டில் குங்குமம்

தட்டைச் சுழலவிட்டால் கலந்திருப்பதெல்லாம் தானாகப் பிரியுமாம். ஆராய்ச்சிப் பத்திரிகையில் படித்த இதை ஜெயசீலி அரை மனதோடுதான் நம்பினாள். வேறு வழி? தாம்பரத்துக் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருஷம் ஒரு செடியின் வேரோடு மல்லுக்கட்டி, மிச்சம் ஒரு சிட்டிகை மஞ்சள் பிசின். அது ஒரே பொருள் என்று சாதித்தார் பேராசிரியர் சாலமோன். இல்லை, இரண்டு என்றாள் இவள். பிரித்துக் காட்டினால் பட்டம். இல்லாவிட்டால் இரண்டு வருஷமும் பாழ்.

கல்லூரி மெக்கானிக் தனக்கோடி மோட்டார் வைத்து மிஷின் செய்து கொடுத்தார். கண்ணாடித் தட்டில் சிலிக்கா மாவைக் குழைத்துப் பூசிக் காயவைத்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் தட்டைச் சுழலவிட்டு, நடுவில் பிசின் கரைசலையும் அதன் பின்னாலேயே அதைக் கரைத்து நகர்த்தப் பென்சீனையும் சொட்டவிட்டாள். மையத்தில் ஏதோ சிவப்பாகக் கரைந்தது.

"அண்ணா, இது என்ன?"

"நேத்து பூஜைல மிஷினுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வெச்சேம்மா. நீ திட்டுவியேன்னு காலைல தொடச்சிட்டேன். நடுத் திருகு சந்துல கொஞ்சம் தங்கிக்கினு கீது போல."

"எல்லாம் போச்சு அண்ணா."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் எல்லாம் ஒன்றாய்ப் பரவிவிடும். ஜன்னல்களை மூடி, புற ஊதா விளக்கைப் போட்டாள்.

சிவப்பு நடுவிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. சிலிக்கா அதை விடவில்லை. பிசின் மட்டும் ஒளிரும் வளையமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. நகர நகர, வளையத்துக்குள் மயிரிழைபோல ஓர் இருள் விழுந்தது. இருள் அகன்றது. வெளியே நீலம், உள்ளே மஞ்சள்.

"கர்த்தரே" என்றாள். யாரும் தொடவில்லை, யாரும் பிரிக்கவில்லை. ஒரே சுழற்சியில் அததற்கு ஒரு வேகம் இருந்தது.

"பொட்டு எடத்த வுட்டு நவுரவே இல்லம்மா" என்றார் தனக்கோடி மெதுவாக.

நீலம் முதலில் விளிம்பைத் தாண்டி ஒரு சோதனைக் குழாயில் விழுந்தது, பிறகு மஞ்சள் இன்னொன்றில். பென்சீன் ஆவியானதும் ஒரு குழாயில் மஞ்சள் தூள். மற்றதில், விளக்கொளியில் மட்டும் நீலமாகத் தெரிந்தது, தும்பைப்பூ வெள்ளையில் ஊசி ஊசியாகப் படிகம். இரண்டு வருஷமும் அது அந்த மஞ்சளுக்குள்தான் இருந்திருக்கிறது!

சாலமோன் இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார். "ரெண்டுக்கும் நீயே பேர் வை."