ஒரே ஒரு உழவு

மண் பரிசோதனை முடிவோடு வந்த கம்பெனிக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நல்ல சேதி கொண்டுவந்தவர் அப்படி உட்கார மாட்டார்.

"மண்ணு ரொம்ப நல்லா இருக்கும்மா. அதுதான் சிக்கல்."

அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவான மக்காச்சோள நிலம் அது. ஒன்பது வருடமாக அதில் ஏர் பட்டதில்லை. அறுவடைக்குப் பிறகு காய்ந்த சோளத் தட்டையைக் கொளுத்தாமல் அப்படியே படுக்கவிட்டு, அதன் ஊடே கீறி விதை இறக்க ஓர் இயந்திரம் வாங்கியிருந்தாள் அக்கா. வட்டாரத்தில் அது ஒன்றுதான். தண்ணீர் சோலார் மோட்டாரில். அக்கம்பக்கத்தில் அந்த நிலத்துக்குச் 'சோம்பேறிக் காடு' என்று பெயர்; விளைச்சலை எடை போடும் நாளில் மட்டும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

உழாமல் விட்டு மண்ணில் கார்பனைச் சேர்க்கும் விவசாயிகளுக்குக் கம்பெனி ஏக்கர் கணக்கில் பணம் தந்தது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும்; ஏற்கெனவே சேர்த்து வைத்தவர்களுக்கு இல்லை. தம்பி விடாமல் துருவியதில் அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு போகம் ஆழ உழுதுவிட்டு அடுத்த போகம் நிறுத்தினால் இவர்களும் புது ஆள் கணக்கில் வருவார்கள், விதி அதைத் தடுக்கவில்லை என்றார். உழுதால் இதுவரை சேர்ந்தது காற்றோடு போய்விடும் என்பதையும் அவரேதான் சொன்னார், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

அவர் தலை மறைந்ததும் தம்பி கொட்டகைக்குப் புதுக் கூரை போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"ஒரே ஒரு உழவுதானேக்கா."

"நம்ம லாபம் எங்கேருந்து வருது? டீசல் வாங்கல, உரத்துல பாதி வாங்கல. எல்லாம் அந்த மண்ணு கொடுக்குது. அதைப் பொரட்டிப் போட்டுட்டு அவங்ககிட்ட கையேந்தணுமா?"

தம்பி டிராக்டர்காரருக்குப் போன் போட்டான்.

ஒன்பது வருடம் கழித்து வந்த அழைப்பு. மறுநாள் காலை டிராக்டர்காரர் கலப்பையைக் கழுவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். நிலத்துக்குள் போக ஒரே வழி. அதில் விதைப்பு இயந்திரம் குறுக்கே நின்றது. அதன் ஒரு சக்கரம் கழன்று தரையில் கிடக்க, அதன் மேல் உட்கார்ந்து அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நட்டுகள் கிண்ணத்தில், பட்டாணிக்கு அடியில் இருந்தன.

தம்பி கத்தினான். பாதி நிலம் தன்னுடையது என்றான். அவள் கையை நிறுத்தவில்லை.

"மீதிப் பாதி என்னுது. எந்தப் பாதின்னு கோடு போட்டுக் காட்டு. உன்னுதை உழுதுக்கோ."

பிரிக்காத நிலத்தில் அவன் எங்கே கோடு போடுவான்? டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, வந்துபோன டீசலுக்கு யார் காசு தருவது என்று மட்டும் கேட்டார். தம்பி தந்தான்.

அதன்பிறகு வீட்டில் இருவரும் நாய் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். சோறு ஆறுகிறது என்று அவள் நாயிடம் சொல்வாள். வருகிறேன் என்று அவன் நாயிடம் சொல்வான். இயந்திரம் மூன்று சக்கரத்தோடு அதே இடத்தில் நின்றது.

விதைப்பு நெருங்கிய வாரம் கம்பெனிக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். திட்டத்தில் நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். யாரும் உழக் கூடாது. உழாமல் தட்டைக்குள் விதை இறக்க யாரிடமும் இயந்திரம் இல்லை. அக்காவுடையது கிடைக்குமா என்று கேட்டார்.

"வாடகைக்குத் தரேன். ஆனா அவங்க தர வேணாம், உங்க கம்பெனி தரணும். முன்பணமா."

"அந்தச் செலவுக்கு எங்க கணக்குல தலைப்பே இல்லையேம்மா."

"எங்க ஒன்பது வருஷத்துக்கும் தலைப்பு இல்லேன்னுதான் சொன்னீங்க. இதுக்காவது ஒண்ணு போடுங்க."

எவ்வளவு என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி ஒரு தொகையைச் சொன்னான். அவள் நினைத்திருந்ததைப் போல ஒன்றரை மடங்கு. அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரிடமோ வெகுநேரம் கெஞ்சுவது கேட்டது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

தம்பி எழுந்தான். "நட்டு எங்க?" என்று நாயைக் கேட்டான்.

"கிண்ணத்துல இருக்குடா," என்றாள் அக்கா, அவனிடமே. "முதல்ல பணம் வரட்டும். அப்புறம் மாட்டு."