நாலாம் கட்டிலின் சத்தம்

டூட்டி நாளில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டாய் என்று கூட வேலை பார்க்கும் நர்சுகள் கேலி செய்வார்கள். சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு மானிட்டர். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று அலறும். நாலாம் கட்டில்காரர் தூக்கத்தில் கையை உதறுவார். விரலில் மாட்டிய கிளிப் கழன்றுவிடும், மானிட்டர் ஊரைக் கூட்டிவிடும். காலையிலிருந்து பத்துத் தடவை எழுந்து ஓடியிருந்தேன். பதினோராவது தடவை பசி காதை அடைத்தது. மேஜையிலிருந்தே சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி கத்தியது. இடது கையால் மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை எழுந்து போய்ப் பார்த்தபோது கிளிப் விரலிலேயே இருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து டூட்டியில் சாப்பாட்டுக்கும் திறப்பதில்லை.

போன மாதம் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து சுவரில் சத்தம் அளக்கும் கருவியை மாட்டினாள். சத்தமும் பட்டினியும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் உடம்பில் பதற்ற ஹார்மோன் எவ்வளவு ஏறும் என்று பார்க்கிறாளாம். அதை எச்சிலில் அளக்கிறாள்; பஞ்சை வாயில் போட்டு மென்று தரச் சொல்வாள், எச்சில் ஊறியதும் வாங்கிக் குப்பியில் போட்டுக்கொள்வாள். லீவு நாளில் வீட்டிலும் மென்று வைக்க வேண்டும்.

இன்று பரிசோதனை முடிவுகளோடு வந்தாள்.

"அக்கா, எல்லாருக்கும் லீவு நாள்ல அந்த ஹார்மோன் இறங்குது. உங்களுக்கு மட்டும் இறங்கவே இல்ல. சாப்பிட்ட நாள்லயும் அப்படித்தான். வீட்டுல ஏதாச்சும் சத்தமா?"

"நான் ஒருத்திதான். ஃபேன்கூடப் போடுறதில்ல."

"அப்புறம் என்னதான் கேக்குது?"

நாலாம் கட்டில் கேட்கிறது. குழாயைத் திறந்தால் கேட்கிறது, தலையணையில் காதை வைத்தால் கேட்கிறது, அதே இரண்டு நிமிட இடைவெளியில். எழுந்து சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. இதை அவள் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவாளாம்?

அப்போது கதவருகில் ஒரு அம்மாள் தயங்கி நின்றாள். நாலாம் கட்டில்காரரின் மனைவி. இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவள், என்னைத் தேடி மாடியேறி வந்திருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேம்மா. எங்களை வெளியே உக்கார வெச்சிட்டாங்க. கடைசில அவர் பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். என் வேலையும் தப்பும்.

"நான் இருந்தேம்மா," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை, இழுத்துக்கொண்டேன்.

"மானிட்டர் கத்துச்சும்மா. நான்தான் நிறுத்தினேன். சாப்பிட்டுட்டு இருந்தேன்."