அம்மா கேட்ட இலை ரொட்டி

மேஜையின் ஒரு பக்கம் பெரியவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் அவன் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். கையெட்டும் தூரம்தான். ஆனால் இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரமாகிறது.

அண்ணி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, அண்ணனும் தங்கச்சியும் வாய வாடகைக்கு விட்டுட்டீங்களா?"

பெரியவன் மாவைத் தூக்கி மேஜையில் அறைந்தான். அதுதான் பதில் போலிருந்தது. சின்னவள், "புதினா இன்னும் கழுவணும் அண்ணி" என்று குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் யாரும் பேச வேண்டியதில்லை.

நேற்று மாலை மருத்துவமனையில் அம்மா சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இலை ரொட்டி தின்னணும் போல இருக்கு" என்று கேட்டிருந்தாள். புதினா, ஓமவல்லி, வெங்காயத்தாள் என்று பால்கனித் தொட்டியில் என்ன தளிர்த்திருக்கிறதோ அதைப் பொடியாக நறுக்கி மாவில் சேர்த்துச் சுடுகிற ரொட்டி. பல நாளாக எதிலும் ஆசையில்லாமல் கிடந்தவள் வாய் திறந்து கேட்டுவிட்டாள். அதனால்தான் இருவரும் இப்போது ஒரே மேஜையில் நிற்கிறார்கள்.

சின்னவளுக்கு அதே மருத்துவமனையில்தான் வேலை, ஸ்கேன் பிரிவில். போன வாரம் அம்மாவைப் படம் எடுத்ததும் அவள்தான். திரையில் ஈரலைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் அதன் பிறகு சொன்னது எதுவும் அவளுக்குப் புதிதில்லை: மருந்து இனி வேலை செய்யாது, வீட்டுக்கு அழைத்துப் போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அம்மாகிட்ட சொல்லிடலாம்ணா" என்று அன்றைக்கே அண்ணனிடம் சொன்னாள்.

"சொன்னா அந்த நிமிஷமே அம்மா போயிடும். வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ வாயத் திறந்தா எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல."

நெரிசலான சாலையில் ஊர்ப்பட்ட ஜனங்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவன். பதறாதவன் என்று பெயர் எடுத்தவன். அன்றைக்கு அவன் உதடு நடுங்கியதைப் பார்த்து, அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

உப்பு விஷயத்தில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்ட் மேல் நேராக உப்பு விழக் கூடாது என்று, மாவு திரண்டு வந்த பிறகு இலையோடு சேர்த்துப் போடுவார்கள். பிசைகிறவரா நறுக்குகிறவரா, யார் கை சும்மா இருக்கிறதோ அவர் போடலாம். ஆனால் "உப்பு போட்டாச்சா?" என்று ஒருவர் கேட்க வேண்டும், "போட்டாச்சு" என்று மற்றவர் சொல்ல வேண்டும். சின்ன வயதில் இருவரும் இதைக் கத்திக் கத்தி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. சின்னவள் இலையைத் தட்டோடு நகர்த்தினாள். பெரியவன் வாங்கி மாவில் கொட்டினான். அவன் போட்டிருப்பான் என்று அவளும், அவள் இலையில் கலந்திருப்பாள் என்று அவனும் நினைத்துக்கொண்டார்கள்.

மாவு சீக்கிரமே பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. "என்ன இன்னிக்கு இந்தத் துள்ளு துள்ளுது?" என்று அண்ணி கேட்டாள். உப்புதான் ஈஸ்டுக்குக் கடிவாளம் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் இருவர் புத்தியும் மாவில் இல்லை. ஓவனிலிருந்து வெளியே எடுத்தபோது ரொட்டி வெளிறிப் போயிருந்தது. அம்மாவுக்கு என்று செய்ததை விண்டு பார்க்க இருவருக்கும் மனமில்லை. துணியில் சுற்றிச் சூட்டோடு எடுத்துப் போனார்கள்.

அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சீருடை தைக்கிற கூடத்தில் மேற்பார்வை பார்த்தவள். ஒரு தையல் கோணினால் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவாள். ரொட்டியைத் திருப்பி, உள்ளே வெந்திருக்கிறதா என்று அடியில் விரல் முட்டியால் தட்டினாள்.

"சத்தம் சரியா இருக்கு. நிறம்தான் என்ன மாதிரியே வெளுத்துக் கெடக்கு."

பெரியவன் சிரிக்க முயன்றான். அண்ணி ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அம்மா கடித்தாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"உப்பு எங்க?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன் முந்திக்கொண்டான்.

"டாக்டர்தான்மா உப்பு வேணாம்னாரு."

"எந்த டாக்டரு? எது ஆசப்பட்டாலும் சாப்பிடுங்கம்மான்னு நேத்துதான சொல்லிட்டுப் போனாரு. அதக் கேட்டுத்தான நான் ரொட்டியே கேட்டேன்." அம்மா துண்டைத் தட்டில் வைத்தாள். "டாக்டர் எது வேணாலும் சாப்பிடுன்னா என்ன அர்த்தம்னு தெரியாத வயசாடா எனக்கு?"

பெரியவன் சுவரைப் பார்த்தான்.

"ஒரே மேசையில நின்னுதான செஞ்சீங்க? உப்பு போட்டியான்னு கூடக் கேட்டுக்கல. அந்த அளவுக்குப் பேச்சு நின்னுபோயிருக்கு. நீங்க சண்ட போட நான் என்ன சொத்தா வச்சிருக்கேன்? இருக்கறது நான் ஒருத்திதான." அவள் பார்வை மகளிடம் திரும்பியது. "சின்னவளே, நீ சொல்லு. படம் எடுத்தது நீதான?"

தினமும் எத்தனையோ பேர் ஸ்கேன் மேஜையிலிருந்து எழுந்ததும் சின்னவளின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கென்று அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அதுதான் இப்போதும் வாயில் வந்தது.

"டாக்டர் சொல்வாரும்மா."

"அது வெளியாளுக்குச் சொல்ற பதில்."

சொன்னால் அண்ணன் இல்லை. சொல்லாவிட்டால், இப்படித் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற இந்த அம்மாவிடம் கடைசி வரைக்கும் பொய். சின்னவள் அண்ணனைப் பார்த்தாள்.

"சொல்லிடு பாப்பா" என்றான் பெரியவன். சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "ஈரல் முழுக்கப் பரவிடுச்சும்மா. இனிமே மருந்து கேக்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பாமலே அம்மா கேட்டாள். "வலிக்குமா?"

"வலிக்காம பாத்துக்க மருந்து இருக்கும்மா. வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க. நானும் பக்கத்துலயே இருப்பேன்."

"பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கும்மா" என்று ஆரம்பித்தான் பெரியவன். "நான் விசாரிச்சு..."

"வேணாம்டா." அம்மா கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். "அங்கயும் ஒரு படம் எடுப்பாங்க, அங்கயும் ஒருத்தி என் மூஞ்சியப் பாக்க மாட்டா. எனக்கு என் கட்டில் போதும்."

அவன் அந்தக் கையை விடாமல் நின்றான். பிறகு மெதுவாக விடுவித்துக்கொண்டு, போனை எடுத்தபடி வராந்தாவுக்குப் போனான். கதவு பாதி திறந்தே இருந்தது. டிப்போவுக்குத்தான் பேசினான்.

"லீவு வேணும் சார். அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

எதிர்முனை ஏதோ கேட்டது. சின்னவளுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அம்மாவும் தலையணையிலிருந்து கழுத்தை நீட்டி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளைக்குன்னு தெரியல சார்" என்றான் அவன்.